சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும் டார்க் மேட்டரும்: செர்ன் கவுன்சிலுக்கு ஒரு கணக்குப்புள்ளையோட திறந்த மடல்

ஜெனிவா பக்கத்துல இருக்கிற செர்ன் துகள் ஆராய்ச்சி மையத்தோட கவுன்சில்ல உக்காந்து முடிவெடுக்கிற பெரியவங்களுக்கும், அங்க அட்லாஸ், சிஎம்எஸ்ங்கிற ரெண்டு பெரிய டிடெக்டரோட கன்ட்ரோல் ரூம்ல ராத்திரி ஷிஃப்ட் பாக்கிற பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும், திருப்பூர்ல இருந்து வணக்கமுங்க.

நான் யாருன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லேன்னா இவன் யாரு நமக்கு எழுதறதுக்குன்னு தோணும். எம்எஸ்சி ஃபிசிக்ஸ் படிச்சேன், கவர்மென்ட் காலேஜ்ல, ஆராய்ச்சிக்குப் போகணும்னு ஆசை இருந்துச்சு, வீட்டு நிலைமை விடலை, கடைசியில ஒரு பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல உக்காந்தேன், உக்காந்தவன் உக்காந்தவன்தான். 2008 செப்டம்பர் 10, புரோட்டானை மோத விடற உங்க எல்எச்சி மெஷின்ல முதல் தடவையா பீம் (புரோட்டான் கத்தை) சுத்தி வந்த அன்னிக்கு நான் வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம். பக்கத்து சீட்டு அக்கா, "உலகம் அழிஞ்சிருமாம்ல தம்பி, அதுக்குள்ள இந்த மாச சம்பளம் போட்டுருவாங்களா"ன்னு கேட்டாங்க. உலகம் அழியலை, ஒன்பதாவது நாள் உங்க மெஷின்தான் படுத்துச்சு, ரெண்டு காந்தத்துக்கு நடுவுல ஒரு கரண்ட் ஜாயின்ட் சரியில்லாம காந்தத்தைக் குளிர வைக்கிற ஹீலியம் டன் கணக்குல கொட்டி, 53 காந்தத்தைக் கழட்டி மேல கொண்டுவந்து சரி பண்ணி, மறுபடி ஓட அடுத்த வருஷம் நவம்பர் ஆயிருச்சு. எங்களுக்கு சம்பளம் போட்டுட்டாங்க.

அன்னில இருந்து உங்களைப் படிச்சிட்டு இருக்கேன். மதிய சாப்பாட்டு நேரத்துல, இயர் எண்டிங் முடிஞ்ச ஏப்ரல் மாசத்துல, ஜிஎஸ்டி சைட் தொங்கிட்டு இருக்கிற ராத்திரியில. இந்தியா 2017-ல உங்ககிட்ட அசோசியேட் மெம்பர் ஆனதுல இருந்து நான் கட்டுற வரியில ஏதோ ஒரு நயா பைசா உங்க ஊருக்கு வருது. அந்த உரிமையிலதான் எழுதறேன்னு வச்சுக்கோங்க. (உங்க வளாகத்துல இருக்கிற நடராஜர் சிலையைப் பத்தி பேசப்போறானோன்னு பயப்படாதீங்க. அதைப் பத்தி எழுதறதுக்கு எங்க ஊர்ல ஏகப்பட்ட பேர் இருக்காங்க.)

விஷயத்துக்கு வரேன். எல்எச்சி-க்கு அடுத்த மெஷினுக்குன்னு புதுசா 91 கிலோமீட்டர்ல ஒரு வட்டச் சுரங்கம் வேணும்னு கேக்கறீங்க, எஃப்சிசி-ன்னு பேரு. 2025 மார்ச்ல அதோட ஆய்வறிக்கையும் வந்துச்சு, முதல் கட்டத்துக்கு மட்டும் சுமார் 1500 கோடி சுவிஸ் ஃப்ராங்க்னு போட்டிருக்கீங்க, 2028 வாக்குல கவுன்சில் முடிவெடுக்கும்னு பேச்சு. இந்த மெஷின் பத்தி எங்க பேச்சு எடுத்தாலும் பேப்பர்காரங்க, யூடியூப்காரங்க, சில நேரம் உங்க ஆளுங்களே முதல்ல சொல்ற வார்த்தை டார்க் மேட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியாம எடையால மட்டும் இருக்குன்னு தெரியிற பொருள். "டார்க் மேட்டரைக் கண்டுபிடிக்கத்தான் இது." நான் கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணு. அப்படிச் சொல்லி பணம் கேக்காதீங்க. தேடறோம்னு சொல்லுங்க, கண்டுபிடிச்சுத் தரோம்னு சொல்லாதீங்க. ஏன் ஒரு கணக்குப்புள்ளை இதுல மூக்கை நுழைக்கிறான்னா, நீங்க பண்ற வேலையும் நான் பண்ற வேலையும் ஒரே வேலைங்க. நெசமாத்தான் சொல்றேன்.

எங்க ஆபீஸ்ல ட்ரையல் பேலன்ஸ் எடுப்போம். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், ரெண்டும் டேலி ஆகணும். ஆகாது. எப்பவும் முதல் தடவை ஆகாது. போன வருஷம் ஒரு ராத்திரி 450 ரூபா இடிச்சுச்சு. 450 ஒன்பதால வகுபடும், ஒன்பதால வகுபட்டா பெரும்பாலும் யாரோ ரெண்டு இலக்கத்தை மாத்திப் போட்டிருக்காங்கன்னு எங்க தொழில்ல ஒரு சூத்திரம், அதைப் பிடிச்சுட்டு ஒவ்வொரு பில்லா புரட்டி பதினொரு மணிக்குப் பாத்தா சாயப்பட்டறை பில் ஒண்ணு 8,610-ஐ 8,160-னு ஏத்தி வச்சிருக்கு ஒரு புதுப் பையன். சரி பண்ணோம், டேலி ஆச்சு, டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போனோம். ஆனா சில வித்தியாசம் எவ்வளவு தேடினாலும் மாட்டாது. அப்ப என்ன பண்ணுவோம்னா அந்தத் தொகைக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒரு தலைப்பு போட்டு அதுல தூக்கி வச்சிருவோம். அதுக்கு அர்த்தம் கண்டுபிடிச்சாச்சுன்னு இல்ல, இன்னும் கண்டுபிடிக்கலைன்னு. இந்த வித்தியாசம் தெரியாம நிறைய பேர் இருக்காங்க, எங்க மொதலாளி உட்பட.

டார்க் மேட்டர் இந்த பிரபஞ்சத்தோட சஸ்பென்ஸ் அக்கவுண்ட். 1933-ல ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி கோமா கேலக்ஸி கூட்டத்தைப் பாத்தாரு, உள்ள இருக்கிற கேலக்ஸி எல்லாம் ஓடுற வேகத்துக்கு அந்தக் கூட்டம் எப்பவோ சிதறிப் போயிருக்கணும், கண்ணுக்குத் தெரியிற எடை அதைப் பிடிச்சு வைக்கப் பத்தாதுன்னு எழுதினாரு, யாரும் பெருசா காதுல போட்டுக்கலை. 1970-கள்ல வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரமீடா மாதிரி கேலக்ஸிகள்ல வெளி ஓரத்துல இருக்கிறது கூட உள்ள இருக்கிற மாதிரியே வேகமா சுத்துதுன்னு ஒண்ணொண்ணா அளந்து காட்டுனாங்க, தெரியிற எடையை மட்டும் வச்சுப் பாத்தா ஓரத்துல மெதுவாத்தான் சுத்தணும். அதுக்கப்புறம் பிளாங்க் சாட்டிலைட் போட்ட கணக்குல நாம பாக்கிற பொருள் எல்லாம் சேத்து 5 சதவீதம், டார்க் மேட்டர் 27, மிச்சம் டார்க் எனர்ஜி. மொத்த பேலன்ஸ் ஷீட்ல 5 சதவீதத்துக்குத்தான் பில் இருக்கு. எங்க ஆடிட்டர் இதைப் பாத்தாருன்னா சைன் போடமாட்டாரு.

சஸ்பென்ஸ்ல வச்சது நெசமாவே ஒரு நாள் அக்கவுண்டாகவும் மாறும், அதையும் சொல்லணும். அணு சிதையிற ஒரு வகையான பீட்டா சிதைவுல எனர்ஜி கணக்கு இடிக்குதுன்னு 1930-ல பௌலி ஒரு கண்ணுக்குத் தெரியாத துகளை சும்மா எழுதி வச்சாரு. 26 வருஷம் கழிச்சு 1956-ல கோவனும் ரைன்ஸும் அணு உலை பக்கத்துல டிடெக்டர் வச்சு நியூட்ரினோவைப் பிடிச்சாங்க. இன்னொரு பக்கம், புதன் கிரகத்தோட சுத்துல கணக்கு இடிக்குதுன்னு வல்கன்னு ஒரு கிரகத்தையே கற்பனை பண்ணி தேடு தேடுன்னு தேடுனாங்க, கடைசியில கிரகமே கிடையாது, கணக்குப் போடுற விதிதான் தப்புன்னு 1915-ல ஐன்ஸ்டைன் காட்டிட்டாரு. டார்க் மேட்டர் விஷயத்துல விதிதான் தப்பா இருக்கும்னு சொல்றவங்க இன்னிக்கும் இருக்காங்க, ஆனா ரெண்டு கேலக்ஸிக் கூட்டம் மோதி வாயு ஒரு பக்கம் எடை ஒரு பக்கமா பிரிஞ்சு கிடக்கிற புல்லட் க்ளஸ்டரை எல்லாம் பாத்தா துகள்னு சொல்ற பக்கம்தான் எனக்கும் சாய்மானம்.

சரி, எல்எச்சி மாதிரி துகளை மோத விடற கொலைடர்ல இதை எப்படித் தேடறீங்கன்னு நம்ம மக்களுக்கும் சொல்லிடறேன், இந்த மடல் அவங்களுக்கும்தான். 27 கிலோமீட்டர் வட்டம், ஜெனிவா பக்கத்துல சுவிஸ் ஃபிரான்ஸ் எல்லைக்கு அடியில நூறு மீட்டர் ஆழத்துல, உள்ள ரெண்டு பக்கமா புரோட்டான் ஓடுது, நாலு இடத்துல மோதுது. டார்க் மேட்டர் துகள் அந்த மோதல்ல உண்டாச்சுன்னா அது எதுலயும் ஒட்டாம டிடெக்டரைத் தாண்டி போயிரும், ஒரு தடயமும் இருக்காது. அப்புறம் எப்படித் தெரியும்? பில் இல்லாம வாங்கி பில் இல்லாம வித்த சரக்கு புக்ல எங்கயும் வராது இல்லையா, ஆனா அந்தச் சரக்கு வந்த லாரி வாடகை மட்டும் பில்லோட வந்துச்சுன்னா மாட்டிக்குவாங்க. அதே கதைதான். புரோட்டானுக்குள்ள இருந்து மோதப்போற குவார்க்கோ குளூவானோ மோதறதுக்கு முன்னாடி ஒரு குளூவானை உதறிட்டுப் போனா அது ஒரு ஜெட்டா, துகள் கத்தையா, ஒரு பக்கம் பீய்ச்சி அடிக்கும். எதிர்ப்பக்கம் வெறிச்சுன்னு இருக்கும். ஒரு பக்கம் லாரி வாடகை, மறுபக்கம் சரக்கே இல்ல. இதுக்கு மோனோஜெட்னு பேரு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. பீம் ஓடுற திசையில கணக்கு பாக்கவே முடியாது, ஏன்னா புரோட்டானுக்குள்ள இருக்கிற எந்தக் குவார்க் எவ்வளவு எடுத்துட்டு வந்து மோதுச்சுன்னு ஓபனிங் பேலன்ஸே தெரியாது. குறுக்குத் திசையில மட்டும் ஓபனிங் பேலன்ஸ் சைபர். அதனால குறுக்கால வெளிய வந்தது எல்லாத்தையும் கூட்டினா சைபர் வரணும், வரலைன்னா அந்தக் குறைதான் மிஸ்ஸிங் எனர்ஜி. படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, இவங்க உலகத்துலயே பெரிய மெஷினைக் கட்டி வச்சுட்டு நான் பண்ற ட்ரையல் பேலன்ஸைத்தான பண்றாங்கன்னு.

சிஎம்எஸ் டேட்டாவை 2014-ல இருந்து நீங்க யார் வேணாலும் எடுத்துப் பாக்கலாம்னு திறந்து விட்டிருக்கீங்க, அதுக்குக் கோடி கும்பிடு. ஒரு ஞாயித்துக்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே ஒரு ஈவண்ட்டை, அதாவது ஒரு மோதலோட பதிவை, போட்டுப் பாத்தேன். ஒரு உருளை, நடுவுல இருந்து தலைமுடி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கோடுங்க, ஒரு பக்கம் கோடெல்லாம் கத்தையா சேந்து போய் சுவத்துல முட்டி கலர் கலரா கட்டம் எழும்பி நிக்குது. எதிர்ல ஒண்ணுமில்ல. அந்த ஒண்ணுமில்லாத பக்கமா ஒரே ஒரு அம்புக்குறி. எம்பொண்ணு பக்கத்துல நின்னு பாத்துட்டு "அந்த அம்பு எதைக் காட்டுதுப்பா, அங்கதான் ஒண்ணுமே இல்லையே"ன்னா. சரியான கேள்வி. அதுக்கு நான் சொன்ன பதில்லதான் இந்த மடலோட பாதி இருக்கு: "பெரும்பாலும் அது நியூட்ரினோ கண்ணு, இல்லேன்னா மெஷினோட தப்பு."

ஆமாங்க. டேலி ஆகலைன்னா முதல் சந்தேகம் நம்ம மேலதான் வரணும். டிடெக்டர்ல ஒரு செல் செத்துக் கிடந்தா அந்தப் பக்கம் எனர்ஜி காணாம போன மாதிரி தெரியும். வானத்துல இருந்து வர்ற காஸ்மிக் ம்யூயான்ங்கிற துகள் ஒண்ணு உள்ள பூந்து ஒரு பக்கம் எனர்ஜியைக் கொட்டிட்டுப் போகும். பீமை விட்டு விலகி ஓரமா ஓடுற துகளுங்க இருக்கு. இதெல்லாம் கழிச்ச பிறகும் பெரிய தலைவலி என்னன்னா, இஸட் போசான்ங்கிற கனமான துகள் ஒரு ஜெட்டோட சேந்து பிறந்து, டிடெக்டர்ல மாட்டாத ரெண்டு நியூட்ரினோவா சிதைஞ்சா அது டார்க் மேட்டர் மாதிரியே அச்சு அசலா இருக்கும், பிரிச்சே பாக்க முடியாது. அதுக்கு நீங்க பண்ற வேலை அருமை. இஸட் ரெண்டு ம்யூயானா சிதையிறதை கண்ணால பாக்கலாம், ஒரு ம்யூயான் ஜோடிக்கு சுமார் ஆறு நியூட்ரினோ ஜோடி வரும்னு கணக்கு இருக்கு, அப்ப பாத்ததை வச்சு பாக்காததை எண்ணி, இத்தனை ஈவண்ட் நியூட்ரினோ கணக்குலயே போயிரும், அதுக்கு மேல வந்தாதான் பேச்சுன்னு ஒரு கோடு போடறீங்க. 2015-ல இருந்து 13 டிஇவி-லயும் (மோதல் எனர்ஜியோட அளவு அது, அதுல ஆயிரத்துல ஒரு பங்கு ஜிஇவி) அப்புறம் 13.6-லயும் ஓட்டி இன்னி வரைக்கும் அந்தக் கோட்டுக்கு மேல எதுவும் நிலைச்சு நிக்கலை.

இந்த இடத்துல பழைய கதை ஒண்ணை உங்களுக்கே ஞாபகப்படுத்தறேன், உங்க வீட்டுக் கதைதான். 1984-ல எல்எச்சி-க்கு முந்தின உங்க எஸ்பிஎஸ் கொலைடர்ல யுஏ1-ங்கிற ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு விரல் விட்டு எண்ணிடலாம் போல சில மோனோஜெட் ஈவண்ட் மாட்டுச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான் டபிள்யூ, இஸட்ங்கிற ரெண்டு துகளையும் பிடிச்சிருந்தாங்க, அவங்க தலைவர் கார்லோ ருபியாவுக்கு 84-லயே நோபல் வேற, கேக்கணுமா, சூப்பர்சிமெட்ரி (தெரிஞ்ச ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டுன்னு சொல்ற தியரி) வந்துருச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. அப்புறம் கீடோ ஆல்டரெல்லி மாதிரி ஆளுங்க உக்காந்து, பெரிய புது விஷயம் ஒண்ணும் வேண்டாம்ப்பா, டபிள்யூ டாவ் துகளா சிதையிறதுல கொஞ்சம், இஸட் நியூட்ரினோவா போறதுல கொஞ்சம், இப்படி தெரிஞ்ச சில்லறை எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து கூட்டிப் பாருங்கன்னாங்க. கூட்டினா சரியா வந்துச்சு. ஆல்டரெல்லி காக்டெயில்னே அதுக்குப் பேரு வந்துருச்சு. எங்க ஆபீஸ்ல இது மாசாமாசம் நடக்கும். பெரிய தொகை ஒண்ணு காணோம்னு பதறிப் போய்த் தேடுவோம், கடைசியில பாத்தா டீ செலவு, ஆட்டோ, கொரியர், கோயில் நன்கொடைன்னு இருபது சின்ன வவுச்சர் ஏத்தாம விட்டிருக்கும்.

2015 டிசம்பர் 15 எனக்கு மறக்காது. ரெண்டு ஃபோட்டான் (ஒளித்துகள்) சேந்து வர்ற ஈவண்ட்டோட வரைபடத்துல 750 ஜிஇவி கிட்ட ஒரு மேடு இருக்குன்னு அட்லாஸ், சிஎம்எஸ் ரெண்டு கூட்டமும் காட்டுனீங்க. ஒரு பக்கம் மட்டும் இருந்தா விட்டிருப்பேன், ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல. அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல, இதுதான் டார்க் மேட்டருக்கு வாசல் கதவா இருக்குமோன்னு தியரி ஆளுங்க அதுக்கப்புறம் எழுதித் தள்ளினது 500 கட்டுரைக்கு மேல. 2016 ஆகஸ்ட்ல சிகாகோ மாநாட்டுல கூடுதல் டேட்டாவைப் போட்டுக் காட்டுனீங்க, மேட்டைக் காணோம், வெறும் புள்ளியியல் ஆட்டம். நான் அதுக்காக உங்களைக் குறை சொல்லலை. சொல்லப்போனா அன்னிக்குத்தான் உங்க மேல மரியாதை கூடுச்சு, டேலி ஆன மாதிரி காட்டணும்னு யாரும் நம்பரைத் தட்டலை, இல்லைன்னு மேடையில ஏறி சொல்லிட்டுப் போனீங்க. தனியார் கம்பெனியில இது நடக்குமா சொல்லுங்க.

அப்புறம் என்னதான்யா உன் பிரச்சனைன்னு கேப்பீங்க. பிரச்சனை எல்எச்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேசுன பேச்சு. அப்ப விம்ப்னு ஒரு துகள் மேல எல்லாருக்கும் அவ்வளவு நம்பிக்கை. டபிள்யூ, இஸட் அளவுல எடை இருக்கிற, வீக் ஃபோர்ஸ் (பீட்டா சிதைவுக்குக் காரணமான பலவீனமான விசை) அளவுல மட்டும் ஒட்டுற ஒரு துகள் பிரபஞ்சம் ஆரம்பிச்சப்ப உண்டாகி இருந்தா இன்னிக்கு எவ்வளவு மிச்சம் இருக்கணும்னு கணக்குப் போட்டா கிட்டத்தட்ட டார்க் மேட்டர் அளவே வருது, சூப்பர்சிமெட்ரியும் அந்த மாதிரி ஒரு துகளை ஓசியிலயே கொடுக்குது, எல்லாம் கூடி வருது, மெஷினை ஆன் பண்ணா விழும்னு இருந்துச்சு பேச்சு. 2012 ஜூலை 4 மத்த துகள்களுக்கு எடை வர்றதோட சம்பந்தப்பட்ட ஹிக்ஸ் துகள் விழுந்துச்சு, 125 ஜிஇவி-ல. (அதைக் கடவுள் துகள்னு இன்னமும் எழுதற எங்க ஊர் பத்திரிகைங்களை என்ன பண்றதுன்னே தெரியலை.) அதுக்கப்புறம் அந்த மாதிரி புது அடிப்படைத் துகள் ஒண்ணும் விழலை. சூப்பர்சிமெட்ரி சொன்ன குளூயினோ மாதிரி துகள் இருந்தா அதோட எடை 2 டிஇவி-க்கு மேலதான் இருக்கணும்னு எளிய மாடல்கள்ல துரத்தியாச்சு. பூமிக்கு அடியில தேடறவங்களுக்கும் அதே கதி, அமெரிக்காவுல சவுத் டகோட்டா பழைய தங்கச் சுரங்கத்துல ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்துல டன் கணக்குல திரவ ஸெனானை வச்சுட்டு காத்திருக்கிற எல்இஸட்ங்கிற டிடெக்டர் 2024-ல சொன்னதும் "இதுவரை இல்லை"தான்.

சனங்க என்ன நினைக்கிறாங்க? ஏமாந்துட்டாங்கன்னு. "அவ்வளவு செலவு பண்ணி ஒண்ணும் கிடைக்கலையாமே"ன்னு எங்க டீக்கடையிலயே என்கிட்ட கேக்கறாங்க, செர்ன் பைத்தியம்னு எனக்கு அங்க பேரு. நான் மெனக்கெட்டு விளக்குவேன், ஒண்ணும் கிடைக்கலைன்னா வேலை நடக்கலைன்னு அர்த்தம் இல்லீங்க, இந்த அறை காலி, இந்த அறை காலின்னு பூட்டு போட்டுட்டே வர்றாங்க, ஹிக்ஸ் கண்ணுக்குத் தெரியாத துகளா சிதையிறது நூத்துக்கு 11-க்கு மேல இருக்க முடியாதுன்னு அட்லாஸ் 2023-ல சொல்லிருச்சு, அது சின்ன விஷயமான்னு. டீக்கடைக்காரரு டம்ளரைக் கழுவிட்டே, "அப்ப மிச்சம் 11-க்குள்ள இருக்கலாமா"ன்னாரு. இருக்கலாம்ணே, தெரிஞ்ச தியரிப்படி ஆயிரத்துல ஒண்ணுதான் அப்படிப் போகணும், நடுவுல அவ்வளவு இடம் இன்னும் பாக்காம கிடக்குன்னேன். அவருக்குப் புரிஞ்சுச்சு. பத்தாவது படிச்ச மனுஷன், கல்லாப்பெட்டி கணக்குல ஒரு நாளும் பிசகினது இல்ல. அவருக்குப் புரியறது நிதி மந்திரிங்களுக்குப் புரியாதுன்னு நீங்களா ஏன் முடிவு பண்ணிக்கறீங்க?

இன்னொண்ணு இருக்கு, இதை உங்க ஆளுங்க கட்டுரையில ஒழுங்கா எழுதறாங்க, பேட்டியில விட்டுடறாங்க. கொலைடர்ல நாளைக்கே மிஸ்ஸிங் எனர்ஜி மேடு ஒண்ணு நெசமாவே வந்து நின்னாலும் அது டார்க் மேட்டர்னு சொல்ல முடியாது. சிஎம்எஸ் நடுவுல பிறந்த துகள் ஏழு எட்டு மீட்டர் தாண்டி வெளிய போக ஏறத்தாழ 25 நானோ செகண்ட் போதும். அதுக்குள்ள அது சிதையலைன்னு மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். வானத்துல இருக்கிற டார்க் மேட்டர் 1380 கோடி வருஷமா சிதையாம இருக்கு. 25 நானோ செகண்ட் நல்லவனா இருந்ததை வச்சு ஒருத்தனுக்கு 1380 கோடி வருஷத்துக்கு கேரக்டர் சர்டிஃபிகேட் கொடுக்க முடியுமா? அதுக்கு எல்இஸட் மாதிரி சுரங்கக்காரங்களும் வானத்தைப் பாக்கிறவங்களும் சேந்து மூணு கையெழுத்து போட்டாதான் ஆச்சு. இதைச் சொன்னா உங்க மெஷினோட மதிப்பு குறையாது. சொல்லாம விட்டாத்தான் பின்னாடி குறையும்.

இப்ப கொஞ்சம் கோவமா ஒண்ணு சொல்லிக்கறேன். எல்எச்சி-ல ஒரு செகண்டுக்கு 4 கோடி தடவை புரோட்டான் கொத்துங்க ஒண்ணை ஒண்ணு கடக்குது, ஒவ்வொரு தடவையும் டஜன் கணக்குல மோதல். அத்தனையும் எழுதி வைக்க முடியாது, சரி. ட்ரிகர்னு ஒண்ணு மைக்ரோ செகண்டுல பாத்து முடிவெடுத்து கடைசியில சில ஆயிரத்தை மட்டும் ஃபைல் பண்ணுது, மிச்சம் போனது போனதுதான். 4 கோடி பில்லுல சில ஆயிரத்தை வச்சுட்டு மீதியை கிழிச்சுப் போடற ஆபீஸ்ங்க இது! எதைக் கிழிக்கணும்னு யாரு சொல்றது? எது வரும்னு நாம நினைக்கிறோமோ அது சொல்லுது. கனமான துகள் வரும், பெரிய மிஸ்ஸிங் எனர்ஜி வரும்னு நினைச்சு அதுக்கு ஏத்த மாதிரி வாசல் வச்சீங்க. ஆனா டார்க் மேட்டர் லேசா இருந்தா? இல்ல கொஞ்ச தூரம் ஓடிட்டு நடுவழியில சிதையிற சொந்தக்காரங்க அதுக்கு இருந்தா? அதெல்லாம் வாசல்லயே கிழிஞ்சு குப்பைக்குப் போயிருக்கலாம், பதினஞ்சு வருஷமா. இதை உங்க இளசுங்க உணர்ந்துட்டாங்க, நான் புதுசா சொல்லலை. முழு பில்லையும் வைக்காம தொகையையும் தேதியையும் மட்டும் நோட்டுல குறிச்சுட்டு அதிகமா சேத்து வைக்கிற மாதிரி ஸ்கவுட்டிங்னு சிஎம்எஸ்-ல பண்றாங்க, அட்லாஸ்லயும் அதே மாதிரி உண்டு, எல்எச்சிபி-ங்கிற இன்னொரு டிடெக்டர் இன்னும் ஒரு படி மேல போய் ஹார்ட்வேர் ட்ரிகரையே தூக்கிட்டு எல்லாத்தையும் சாஃப்ட்வேர்ல, ஜிபியு வச்சு வடிகட்டுது. நான் கேக்கறது, இதெல்லாம் ஓரமா மிச்ச நேரத்துல பண்ற வேலையா இருக்கக்கூடாது.

ஃபேசர்ங்கிற சின்ன டிடெக்டரோட கதை தெரியாதவங்களுக்காக சொல்றேன், ஏன்னா இந்த மடல்ல எனக்கு ரொம்ப சந்தோஷமான பகுதி இதுதான். மோதல் நடக்கிற இடத்துல எல்லாரும் குறுக்கால பெரிய கோணத்துல வர்றதையே பாத்துட்டு இருக்கோம், லேசான துகளுங்க பெரும்பாலும் பீம் ஓடுற திசையிலயே நேரா ஓடிருமே, அங்க யாரும் இல்லையேன்னு சில பேருக்குத் தோணுச்சு. அட்லாஸ்ல இருந்து 480 மீட்டர் தள்ளி டிஐ12-னு ஒரு பழைய சுரங்கம், முந்தின மெஷினான லெப் காலத்துல பயன்பட்டது, சும்மா கிடந்துச்சு. பீமோட நேர்கோடு அதுல தரைக்குக் கொஞ்சம் கீழ போகுதுன்னு தரையைத் தோண்டி பள்ளம் பண்ணாங்க. அட்லாஸ்ல மிச்சம் இருந்த ட்ராக்கர் (துகள் போன வழியைக் காட்டுறது) பாகம், எல்எச்சிபி-ல மிச்சம் இருந்த கலோரிமீட்டர் (எனர்ஜியை அளக்கிறது) பாகம், எல்லாம் உதிரி. 2019-ல அனுமதி, 2022-ல ஓட ஆரம்பிச்சாச்சு, 2023-ல கொலைடர்ல பிறந்த நியூட்ரினோவை முதல் முதலா நேரா பாத்தவங்கள்ல அவங்க இருக்காங்க. டார்க் மேட்டரோட சொந்தக்காரனா இருக்கலாம்னு நினைக்கிற டார்க் ஃபோட்டானைத் தேடினாங்க, கிடைக்கலை, எந்த இடத்துல இல்லைன்னு படம் போட்டுக் குடுத்தாங்க. எங்க ஊர்ல கட்டிங் டேபிள்ல விழுற வேஸ்ட் துணியை வச்சு குழந்தை ஜட்டி தச்சு ஏத்துமதி பண்ணவங்க இருக்காங்க, அந்த ஜாதி இவங்க. சிஎம்எஸ் பக்கத்துல மில்லிக்யூவான்னு ரொம்பக் கொஞ்சமா மின்சுமை இருக்கிற துகளைத் தேடற ஒண்ணு இருக்கு, காந்த ஒருமுனையை (ஒரே துருவம் மட்டும் இருக்கிற துகளை) தேடற மோடல் இருக்கு, எஸ்பிஎஸ்-ல மறைஞ்சிருக்கிற துகளைத் தேட ஷிப்னு ஒண்ணுக்கு 2024-ல அனுமதி கொடுத்திருக்கீங்க. இவங்களுக்கெல்லாம் காசு ஒதுக்கும்போது கை நடுங்குது, 1500 கோடி பேசும்போது நடுங்கலை. பெரிய முதலீட்டுல நூத்துல ஒண்ணோ ரெண்டோ இந்த மாதிரி தேடலுக்குன்னு முன்கூட்டியே தனியா எழுதி வைங்க, செலவு கூடும்போது முதல்ல வெட்டறது இதைத்தான்னு ஆகாத மாதிரி எழுதி வைங்க. கணக்குப்புள்ளையா சொல்றேன், தனித் தலைப்பு இல்லாத பணம் செலவாயிரும்.

எஃப்சிசி வேண்டாம்னு நான் சொல்லலை, தயவு செஞ்சு அப்படிப் படிக்காதீங்க. 1993-ல டெக்சாஸ்ல எஸ்எஸ்சி-ங்கிற பெரிய கொலைடரை 20 கிலோமீட்டருக்கு மேல தோண்டி 200 கோடி டாலர் செலவு பண்ணிட்டு அமெரிக்க காங்கிரஸ் நடுவுல கைவிட்டதைப் படிச்சு வருத்தப்பட்டவன் நான். எஃப்சிசி-யோட முதல் கட்டம் எலக்ட்ரான் பாசிட்ரான் மெஷின், லெப் தன் ஆயுசுல பாத்த இஸட் மொத்தம் 1.7 கோடி, இது 5 லட்சம் கோடி தயாரிக்கும்னு திட்டம். படிச்சு நான் அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தேன். பைசா வரைக்கும் எண்ணி வைக்கிற அந்தக் கணக்குல இடிக்கிற ஒரு சின்ன இடம் மாட்டுச்சுன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்! ஹிக்ஸை இதை விட சுத்தமா அளக்க வேற வழி எனக்குத் தெரிஞ்சு பெருசா இல்ல. அதைச் சொல்லிக் கேளுங்களேன். "ஹிக்ஸை அளக்கப் போறோம், இஸட்டை அளக்கப் போறோம், டார்க் மேட்டர் இருந்தா அதோட நிழல் இதுல விழலாம், விழாமலும் போகலாம், விழாட்டி இந்த இந்த அறை காலின்னு எழுதித் தருவோம்." 2040-கள்ல ஓடப்போற மெஷினுக்கு இன்னிக்குக் கையெழுத்து போடறவங்க பாதி பேரு அப்ப இருக்கமாட்டாங்க, என் பொண்ணு இருப்பா. அவகிட்ட வந்து "டார்க் மேட்டர் கண்டுபிடிச்சுத் தரேன்னு சொன்னாங்களே"ன்னு டீக்கடைக்காரரோட பேரன் கேக்கக்கூடாது.

அடுத்த அறிக்கை எழுதும்போது முதல் பக்கத்துலயே, சுருக்கத்துலயே, "கண்டுபிடிப்போம்னு உத்தரவாதம் கிடையாது"ன்னு ஒரு வரி போடுங்க. நடுவுல 214-ஆம் பக்கம் அடிக்குறிப்புல வேண்டாம். போட்டா யாரும் காசு தரமாட்டாங்கன்னு நீங்க பயப்படறது தெரியுது. எங்க லெட்ஜர்லயும் ஒரு சஸ்பென்ஸ் தொகை இருக்கு, 1,350 ரூபா, 2019-ல இருந்து. அதுவும் ஒன்பதால வகுபடும், ஆனா எங்க தேடியும் மாட்டலை. ஏதாவது ஒரு செலவுல அடிச்சு மூடிவிடுங்கன்னு மொதலாளி வருஷாவருஷம் சொல்றாரு. நான் மூடலை. ஆடிட்டர் ஒவ்வொரு வருஷமும் அந்த வரி மேல பென்சிலை வச்சு "இது என்ன?"ம்பாரு, "தேடிட்டு இருக்கோம் சார்"ம்பேன், ஒரு டிக் அடிச்சுட்டு அடுத்த பக்கம் போயிருவாரு.

நாளைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாள், இத்தோட நிறுத்திக்கறேன்.

இப்படிக்கு,
திருப்பூர்ல இருந்து ஒரு கணக்குப்புள்ளை